பொத்தான் போட முடிகிறதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 53. 28 வருடங்களாகத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவள். உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன். கழுத்து வலி பற்றி எழுதும்போதெல்லாம் குனிந்து கைபேசி பார்க்கும் ஒரு பையனின் படம் வருகிறது. எலும்புத் தேய்மானம் பற்றி ஓர் எச்சரிக்கை வருகிறது. கடைசியில் நேராக உட்காருங்கள் என்று ஒரு வரி. எழுதுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதைப் படித்துப் படித்துத்தான் பயப்பட வேண்டாத இடத்தில் நான் எட்டு மாதம் பயந்து கிடந்தேன். பயந்திருக்க வேண்டிய இடத்தில், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டரை ஒரு வருடத்துக்கு மேல் கவனிக்காமல் விட்டுவிட்டோம். இரண்டையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது கழுத்து இடது பக்கம் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தின இரண்டு வாரமும் அவசர வேலை, இரவு பதினோரு மணி வரை மிஷினை விட்டு எழவில்லை. பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை இழுத்துப் பிடித்தது. மூன்றாம் நாள் ஒரு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம் இருக்கும்மா, வயசாகுது இல்லையா" என்றார். மாத்திரையும் ஒரு கழுத்துக் காலரும் எழுதிக் கொடுத்தார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேய்மானம் என்ற சொல் என்னைப் போன்ற ஒருத்தியின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். மிஷினில் ஒரு பாகம் தேய்ந்தால் சத்தம் மாறும், தையல் விட்டுவிட்டு விழும், கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். தேய்ந்த பாகத்தை ஓட்ட ஓட்ட இன்னும் தேயும். என் கழுத்தையும் நான் அப்படியேதான் நினைத்தேன். தலையை ஒரு தடவை ஆட்டினால் எலும்பு ஒரு சுற்று உராய்ந்துபோகும் என்று நினைத்தேன். அதனால் ஆட்டவே இல்லை. காலரோடு சாப்பிட்டேன், காலரோடு தூங்கினேன். வாளித் தண்ணீரைக்கூட வீட்டுக்காரர்தான் தூக்கினார். மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். ஐந்தாவது மாதத்தில் காலரைக் கழற்றினால் தலை கல்லாகக் கனத்து, தாங்க முடியாமல் முன்னால் தொங்குவது போல இருந்தது. தேய்மானம் முற்றிவிட்டது என்று முடிவு கட்டி அழுதேன். உண்மையில் தளர்ந்துபோனது எலும்பில்லை, வேலையே இல்லாமல் கிடந்த தசைகள். அதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

எட்டாவது மாதம் மகள் கட்டாயப்படுத்தி ஓர் இயன்முறை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். என் மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கும். உட்கார்ந்ததும், "அம்மா, காலரை எதுக்காகப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். "எலும்பு மேல மேல தேயாம இருக்கறதுக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் எனக்குக் கழுத்து என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தாள்.

கழுத்தில் ஏழு எலும்புகள். தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அதை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் திருப்புகிற வேலையை அந்த ஏழும், இடையில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்குகளும், சுற்றிலும் அடுக்கடுக்காக உள்ள தசைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாம் தலையைத் திருப்புவதில் கிட்டத்தட்ட பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறதாம். மீதியைக் கீழே உள்ளவை செய்கின்றன. அசைவதற்காகவே அமைந்த உறுப்பு அது. அதை நான் எட்டு மாதம் கட்டிப்போட்டிருந்தேன்.

தேய்மானம் பற்றியும் கேட்டேன். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் அதன் முடிவு வெளிவந்தது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் கொஞ்சமாவது பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. வலி இல்லை, வேலை செய்கிறார்கள், தூங்குகிறார்கள், படத்தில் மட்டும் "பிதுக்கம்". அப்படியானால் என் படத்தில் தெரிந்ததுதான் என் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் தொழில்தான் ஞாபகம் வந்தது. துணி வெளுத்திருக்கிறது என்பதற்காக நான் தைக்க மறுப்பதில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். இழை தாங்கினால் தைப்பேன். வெளுத்த துணி வேறு, நைந்த துணி வேறு. அந்தப் பெண் என் கழுத்தை அப்படி இழுத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது, கையை அழுத்தினால் எதிர்த்துத் தள்ள முடிகிறதா, விரல்களில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா, முட்டியிலும் முழங்கையிலும் சுத்தியலால் தட்டினால் எப்படித் துள்ளுகிறது, ஒரே கோட்டில் குதிகாலோடு நுனிக்கால் வைத்து நடக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் தாங்கியது. முதல் மருத்துவர் படத்தைப் பார்த்தார், என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் மீது கோபம் இல்லை, வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எனக்கு எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

காலர் வீண் என்று எழுதிவிட மாட்டேன். அடிபட்டவர்களுக்கு வேண்டியிருக்கிறது. கழுத்து நரம்பு அழுந்திக் கை வலி புதிதாக, கடுமையாக வந்தவர்களுக்குச் சில வாரம் போட்டால் ஆறுதல் தருகிறதாம். முடிவு தேதி இல்லாமல் போட்டுக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

அப்புறம் பயிற்சி. முதல் வாரம் கழுத்தை மெதுவாக வலம் இடம் திருப்புவதே பயிற்சி. வலித்தது. "தாங்கக்கூடிய வலி, கொஞ்ச நேரத்தில் தணிஞ்சா பரவாயில்லை. மறுநாள் வரைக்கும் கூடியிருந்தா அளவைக் குறைச்சுக்கோங்க" என்றாள். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய உதவி. அதுவரை வலித்தாலே ஏதோ கிழிகிறது என்று நினைத்திருந்தேன். பிறகு தாடையை நேராகப் பின்னால் இழுத்து ஐந்து வினாடி பிடிப்பது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது, அதையே பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் செய்வது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகில் நெருக்குவது. ஆறு வாரம் கழித்து ரப்பர் பட்டையைப் பிடித்து இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். கனம் தூக்காதே என்று கேட்டே பழகியவளுக்கு, தூக்கினால்தான் தேறும் என்பது நம்பக் கஷ்டமாக இருந்தது.

நம்ப வைத்தது இரண்டு ஆய்வுகள். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 அலுவலகப் பெண்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு வருடம் வெவ்வேறு பயிற்சி செய்ய வைத்து, 2003-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். நீட்டி மடக்கும் பயிற்சியும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் செய்யச் சொல்லப்பட்டவர்களைவிட, கழுத்துத் தசைக்கு வலுவூட்டியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. டென்மார்க்கில் 2011-இல் வந்தது இன்னும் எளிது. ரப்பர் பட்டையோடு வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு இரண்டே நிமிடம், பத்து வாரம். அதிலேயே கழுத்து, தோள் வலி குறைந்தது. உட்கார்ந்து வேலை செய்கிற எந்தப் பெண்ணால் இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாது?

எனக்கு மூன்று மாதத்தில் பாதி வலி போனது. மீதி மெல்லப் போனது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இன்னும் எட்டிப் பார்க்கிறது. கழுத்து வலி அப்படித்தான். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், பலருக்குத் திரும்பவும் வரும். திரும்பி வந்தால் வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முடிந்தவரை நடமாடி, தாங்குகிற அளவுக்குத் திருப்பிக்கொண்டே இருந்தால் நாலைந்து நாளில் விட்டுவிடுகிறது. வலி மாத்திரைகளை மட்டும் வாரக்கணக்கில் தானாக வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

வேலை செய்யும் இடத்தையும் மாற்றினேன். தையல் மேசையின் நாலு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினேன். ஊசிக்கு நேராக ஒரு விளக்கு. உயர்த்தியதும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. என் மூக்குக் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி அடியில் இருக்கிறது. உயரத்துக்கு வந்துவிட்ட ஊசியை அதன் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிப் பிடரி வலித்தது. அளவு நாடாவை எடுத்துக் கண்ணுக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தை அளந்தேன், 45 சென்டிமீட்டர். அதை எழுதிக்கொண்டு போய் அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கணினியில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். திரையைப் பார்க்க மோவாய் மேலே போகிறது என்றால் கழுத்தைத் திட்டாதீர்கள், கண்ணாடியைச் சோதியுங்கள். தூங்கும்போது ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்புகிற உயரத்தில் தலையணை இருந்தால் போதும். குப்புறப் படுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டேன், இரவெல்லாம் கழுத்து ஒரு பக்கமே திரும்பிக் கிடக்கிறது.

இதையெல்லாம்விட உதவியது பாபின், மிஷினில் அடி நூலைச் சுற்றி வைக்கும் சின்ன உருளை. பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்துவிடுவேன். தோளை இரண்டு சுற்று சுற்றி, நாலு அடி நடந்து, அப்புறம்தான் நூல் சுற்றுவேன். தனியாக மணி வைக்கத் தேவையில்லை.

கைபேசிப் படத்துக்கு வருகிறேன். 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ சுமை என்று பல இடங்களில் அச்சாகிறதே, அது 2014-இல் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. வலி உள்ளவர்களை வைத்து அளந்தது இல்லை. சுமை ஏறுவதும் கேடு வருவதும் ஒன்றாகிவிடாது. கழுத்து குனிவதற்கும் சேர்த்துத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. குனிந்த இடத்திலேயே இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் வலிக்கும், நிமிர்ந்த இடத்திலேயே விறைப்பாக இருந்தாலும் வலிக்கும். தூக்கம் கெட்ட நாளிலும் மனக்கவலை மிகுந்த நாளிலும் எனக்கு இன்னும் கூடுதலாக வலித்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும் இளசுகள் தங்கள் கழுத்து முறிந்துகொண்டிருப்பதாக நம்பிவிடக் கூடாது. நம்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இனி மாஸ்டர். இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன்.

எனக்குப் பதினெட்டு வயதில் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவர் சாக்கட்டியால் கோடு போட்டால் அளவுகோல் வைத்தது போல இருக்கும். 66 வயதிலும் வெட்டும் வேலையை விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கோடு நெளிய ஆரம்பித்தது. கத்தரி நழுவி விழுந்தது. ஊசியில் நூல் கோர்க்க என்னிடம் நீட்டினார், கண் மங்குகிறது என்றார். சட்டைப் பொத்தான் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருப்பார், அல்லது இரண்டு பொத்தான் போடாமலே விட்டிருப்பார். "கையுறை போட்டுக்கிட்டுத் துணியைத் தொடற மாதிரி இருக்கும்மா" என்று ஒரு நாள் சொன்னார். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டால், "கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான்" என்பார். வயசாகிவிட்டது என்று நாங்களும் சொன்னோம், அவரும் சொல்லிக்கொண்டார். ஒரு வருடம் தாண்டிவிட்டது.

சிறுநீரை அடக்க முடியாமல் போன பிறகுதான் நரம்பு மருத்துவரிடம் போனார். நானும் கூடப் போனேன். மருத்துவர் விரல்களை வேகமாக மடக்கி நீட்டச் சொல்லி எண்ணினார். பத்து வினாடியில் 20 தடவையாவது முடிய வேண்டும். மாஸ்டரால் 11 தடவைதான் முடிந்தது. முட்டியில் லேசாகத் தட்டியதும் கால் உதைத்தது போலத் துள்ளியது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு இடத்தில் தண்டுவடமே நெரிபட்டிருந்தது. காரணம் என்ன தெரியுமா? தேய்மானம்.

என் படத்திலும் அந்தச் சொல்தான், அவர் படத்திலும் அந்தச் சொல்தான். எனக்கு அது வெளுத்த துணி, அவருக்கு நைந்த துணி. எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டியது கையும் நடையும். வலியை வைத்துப் பார்த்திருந்தால் நான்தான் பெரிய நோயாளி. அறுவை சிகிச்சை செய்தார்கள். நடை தேறியது, சிறுநீர்த் தொல்லை குறைந்தது, மேலும் மோசமாவது நின்றது. ஆனால் விரல்கள் பழையபடி வரவில்லை. தண்டுவடம் நெரிபட்ட காலம் நீள நீளத் திரும்பக் கிடைப்பது குறையும், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். கூடவே இருந்தவள் நான். அந்த வார்த்தை இன்னும் என்னோடு இருக்கிறது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கழுத்து வலி பற்றி எழுதும்போது ஓர் ஓரத்தில் கட்டம் கட்டி இதைப் போடுங்கள். பொத்தான் போடுவது, நூல் கோர்ப்பது, எழுதுவது போன்ற கைவேலை தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர், மலத்தின் மீது கட்டுப்பாடு குறைந்தாலோ, கழுத்தில் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். விழுந்தோ விபத்திலோ அடிபட்டு வந்த கழுத்து வலியையும் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கூடவே தலைவலியோ வாந்தியோ மயக்கமோ இருந்தால், அவசரம். இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று கழுத்தில் கடும் வலி வந்து தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் சேர்ந்தால் அதுவும் அவசரம். நெஞ்சு இறுகி, வியர்த்து, கழுத்துக்கும் தாடைக்கும் கைக்கும் வலி பரவினால் அது இதயமாக இருக்கலாம். காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், படுத்தாலும் இரவிலும் ஓயாத வலி உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி, உடம்பைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

கைக்கு இறங்கும் வலி பற்றியும் ஒரு வரி சேருங்கள். கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினால் தோளிலிருந்து சுரீரென்று இறங்கி, எந்த நரம்போ அதைப் பொறுத்துக் கட்டைவிரலோ நடுவிரலோ சுண்டுவிரலோ மரத்துப்போகும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சிலருக்கு இதமாக இருக்கும். இதுவும் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சை இல்லாமலே தணியும். கை பலம் குறைந்துகொண்டே போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. பயிற்சி இல்லாத யாரிடமும் கழுத்தைக் கொடுத்து வெடுக்கென்று சொடுக்கெடுக்க விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளுக்குள் புகுந்துதான் மேலே ஏறுகின்றன. வேகமாக முறுக்கும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் வந்திருக்கிறது.

படம் போடுவதாக இருந்தால் கைபேசிப் பையனை விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானோடு மல்லாடும் ஒரு பெரியவரைப் போடுங்கள். பார்க்கிற யாராவது ஒருவருக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வரும்.

மாஸ்டருக்கு இப்போது சட்டைகள் நான்தான் தைக்கிறேன். பொத்தான்களை மேலே வரிசையாக வைத்துத் தைத்துவிட்டு, உள்ளே வெல்க்ரோ பட்டை கொடுத்துவிடுகிறேன். உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தினால் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி